மதாம் தொடாத சீப்பு

மகளின் அறை யன்னலோரத்தில் ஒரு நீலச் சீப்பு கிடக்கிறது. அதன் பல்லிடுக்கில் நாலைந்து தலைமயிர் சுருண்டிருக்கிறது. காலை வெயில் யன்னலுக்கு வரும்போது அந்த மயிர் செம்பு நிறத்தில் மினுங்கும். வேலைக்குப் போகமுதல் வாசலில் சற்று நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். அந்தச் சீப்பை ஒருநாள் கடதாசிப் பையில் சுற்றி, கோட்டுக்குள் ஒளித்து, பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனவன் நான். நினைத்தால் கனவில் நடந்த காரியம் போலத்தான் இருக்கிறது.

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் ஓரத்தில், ரொக்ஸ்பரோவில் நாங்கள் வீடு வாங்கி வந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு பிரெஞ்சுக்கார மதாம் இருந்தார். கல்லூரியில் இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய வாசற்கதவுக்கு மேலே சுள்ளியால் கட்டிய ஒரு விளக்குமாறு தலைகீழாகத் தொங்கும். அது ஏன் என்று கேட்டதற்கு, தான் ஒரு 'சோர்சியேர்' என்றார். நாங்கள் சைவம் என்று சொல்வோமே, அந்த மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். அந்தப் பிரெஞ்சுச் சொல்லை மனைவிக்குத் தமிழில் சூனியக்காரி என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு மதாம் வேலிக்கு மேலால் நீட்டும் தக்காளிப்பழங்களை மனைவி "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லி இரண்டு கையாலும் வாங்குவாள். வீட்டுக்குள் மட்டும் கொண்டுவர மாட்டாள். பின்வளவில் புதைத்துவிடுவாள். அடுத்த கோடையில் அந்த இடம் முழுக்கத் தக்காளி முளைத்து நின்றது. மதாம் எட்டிப் பார்த்து, "உங்கள் மனைவிக்கு நல்ல கைராசி" என்றார்.

இலை கூட்டுகிற நாட்களில் அவரோடு கதைப்பேன். அவருக்கு வருடம் ஒரு சக்கரம். ஒக்டோபர் முடிவில் இலை கொட்டி முடியும்போது அவருடைய புதுவருடம் பிறக்கும். அன்றைக்குச் செத்தவர்களுக்கு ஒரு கோப்பையில் சாப்பாடு வைப்பார். காலமான அப்பாவுக்காக நான் பிடிக்கிற ஆடி அமாவாசை விரதத்தைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிசாசைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார். "அவன் தேவாலயத்துக்காரரின் ஆள், மெஸ்யூ. என் விலாசம் அவனிடம் இல்லை." தான் செய்வதை மந்திரம் என்று அவர் சொல்லுவதில்லை, வேலை என்றுதான் சொல்லுவார். "இது என் நம்பிக்கை. இதே பெயரைச் சொல்லும் இன்னொருத்தி வேறு மாதிரிச் சொல்லுவாள். எங்களுக்குப் பொதுவாக ஒரு வேதம் இல்லை." அந்தப் பின்னேரங்களில் இலைப்புகை மணமும் அவருடைய மெல்லிய குரலும் சேர்ந்து, நான் எந்த நாட்டில் நிற்கிறேன் என்பதையே மறந்துபோவேன்.

பிறகுதான் மகள் வீட்டைவிட்டுப் போனாள். மருந்தாளர் படிப்பைப் பாதியில் விட்டதை எங்களுக்குச் சொல்லாமலே இருந்திருக்கிறாள். தெரியவந்த அன்று வீட்டில் பெரிய சத்தம். ஒரு பையோடு நகரத்துக்குள், கோட்-டெ-நெய்ஜில் ஒரு சிநேகிதியின் அறைக்குப் போய்விட்டாள். எத்தனை தரம் அடித்தும் போன் எடுக்கவில்லை. ஒரேயொரு செய்தி வந்தது: "உயிரோட இருக்கிறன். தேட வேண்டாம்." அந்த முதல் சொல்லையே திரும்பத் திரும்ப வாசித்தேன். இப்போதும் போன் அடித்தால் ஓடிப்போய்த்தான் எடுக்கிறேன்.

"ஆரோ பிள்ளைக்குச் சூனியம் செய்து போட்டினம்" என்றாள் மனைவி.

"படிச்ச மனுசி கதைக்கிற கதையே இது?"

"அப்ப மதாமிட்டப் போங்கோவன். செய்யத் தெரிஞ்சவவுக்கு எடுக்கத் தெரியாதே?"

தக்காளியைப் புதைத்தவளின் வாயில் இந்த யோசனை வந்ததை நினைத்துச் சிரித்தேன். ஆனால் முதற் பனி கொட்டிய ஒரு பின்னேரம், என் கால்கள் என்னைக் கேளாமலே மதாமின் வீட்டுக்குப் போயின.

குசினிக் கண்ணாடியில் நீராவி படர்ந்திருந்தது. கூரையிலிருந்து காய்ந்த செடிகள் தொங்கின. அடுப்பில் அப்பிள் வெந்துகொண்டிருந்தது. வெளியே பனி சத்தமில்லாமல் இறங்க, அந்தக் குசினி தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத் தோன்றியது. நான் பையைப் பிரித்துச் சீப்பை மேசையில் வைத்தேன். தலைமயிர் வேண்டும், நகம் வேண்டும் என்றுதான் ஊரில் கேள்விப்பட்டிருந்தேன். மதாம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இதை அவள் தந்தாளா?"

"இல்லை. அவள் திரும்பி வரவேணும். அதற்குத்தான்."

"சம்மதம் கேட்காமல் ஒருவர் மேல் நான் வேலை செய்வதில்லை. நல்லதுக்கென்றாலும்."

"நான் அவளின் தகப்பன்."

"அப்போ அவளிடம் கேட்பது உங்களுக்குச் சுலபம்தானே" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு துவாயால் சீப்பைத் தொடாமல் சுற்றி என்னிடம் திருப்பித் தந்தார். "வேண்டுமானால் அவளுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறேன். அவள் சம்மதித்தால்."

அவளிடம் நான் அதுவரை எத்தனையோ கேட்டிருக்கிறேன்: சோதனையில் புள்ளி எத்தனை, எங்கே நிற்கிறாய், எப்ப வருவாய். சம்மதமோ என்று கேட்டதாக ஞாபகமில்லை. போனில் குரலைப் பதிந்தேன். "பிள்ளை, பக்கத்து வீட்டு மதாம் உனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தலாமோ எண்டு கேக்கிறா. உனக்கு விருப்பமில்லையெண்டால் வேண்டாம்."

சில நாள் ஒன்றும் வரவில்லை. பிறகு, நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளே போன் அடித்தாள்.

"மெழுகுதிரி என்னத்துக்கு அப்பா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீ வீட்டை வரவேணுமெண்டு."

"அதுக்கு வேண்டாம். நான் நித்திரை கொள்ளவேணுமெண்டு கொளுத்தச் சொல்லுங்கோ. கனகாலமா எனக்கு நித்திரை இல்லை."

பஸ் வந்து போனது. நான் ஏறவில்லை. ஒரே வீட்டில், அடுத்த அறையில் படுத்திருந்த பிள்ளை. எனக்கு அது தெரியாது.

மதாம் கொளுத்தினார். அது வேலை செய்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மகள் அடுத்த கிழமையும் போன் அடித்தாள். பிறகு டொக்டரிடமும் போனாள். சென்ற வருடம் மதாம் வீட்டை விற்றுக் கடலோரத்திலுள்ள தங்கையிடம் போய்விட்டார். இப்போது அங்கே இருப்பவர்களின் வாசலில் பனிச்சறுக்குக் கட்டைகள் சாய்ந்திருக்கின்றன. எங்கள் பின்வளவுத் தக்காளியை மனைவி குழம்பு வைக்கிறாள்.

மகள் சில ஞாயிறுகளில் வருகிறாள். போன முறை வந்தபோது யன்னலடியில் நின்று சீப்பைப் பார்த்தாள். "இதையேன் இன்னும் வைச்சிருக்கிறியள்?"

"கொண்டு போறியோ? இல்லாட்டி எறியட்டோ?" என்று கேட்டேன்.

அவள் அதை எடுத்துத் தலையை ஒருதரம் வாரினாள். திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

"இருக்கட்டும். நான் வரேக்க தேவைப்படும்."