சின்னம்மா சொல்லாத பெயர்

செம்பனை எண்ணெய்க்கு ஒரு வாடை உண்டு. நனைந்த தகரமும் அவித்த கிழங்கும் கலந்த மாதிரி இருக்கும். ஒருமுறை மூக்கில் ஏறினால் லேசில் இறங்காது. ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்தில் விளக்குக்கும் அதுதான், தாளிப்புக்கும் அதுதான், தலைக்கும் அதுதான். அன்று விடிந்ததும் விடியாததுமாகச் சின்னம்மா என்னை முன்னால் உட்காரவைத்து அந்த எண்ணெய்யை உச்சியில் வைத்துத் தேய்த்து, இறுக்கிப் பின்னி, பிறகு தன் தலைக்கும் தேய்த்துப் படிய வாரிக்கொண்டார். சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் "பரட்டையா" போகக்கூடாது என்றார். நான் பிறந்ததிலிருந்து தோட்டத்தைத் தாண்டியதில்லை. சந்தோஷத்தில் எண்ணெய் கண்ணில் வழிந்ததுகூட உறைக்கவில்லை.

அஞ்சலைச் சின்னம்மா என் அம்மாவின் தங்கை. ஜோகூரில் மாசாயிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில், கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய "லயத்தில்" எங்களுக்கு அடுத்த வீட்டில்தான் குடியிருந்தார். கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் காலை, அரிசி கொடுக்கிறார்கள் என்று சொல்லி ஆண்களையெல்லாம் "பெரட்டுக்களத்துக்கு" வரச்சொன்னார்கள். தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடம் அது. சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? சித்தப்பா சாக்கை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். களத்தில் நின்றது அரிசி லாரி இல்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று மத்தியானம்தான் எங்களுக்குத் தெரிந்தது. சின்னம்மா ஆக்கி வைத்திருந்த மரவள்ளிக்கிழங்கு அன்று சாயங்காலம்வரை மூடியபடியே இருந்தது.

மழைக்காலம் ஒன்று போய் மறுபடியும் மழை வந்த பிறகு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். நோய் கண்டவர்களில் சிலரை ரயிலில் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து ஒரு கொட்டகையில் போட்டிருக்கிறார்கள், அதில் நம் ஜோகூர் ஆட்களும் உண்டு என்று அவர் சொன்னார். சின்னம்மாவுக்கு அதற்குமேல் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஆண்கள் யாரும் துணைக்குப் போக முடியாது. சாலையில் தலையைக் காட்டினால் அவர்களையும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். என் அப்பாவே பகலெல்லாம் ரப்பர் மரங்கள் நின்ற பால்காட்டுக்குள் ஒளிந்து கிடந்தார். அம்மாவிடம் கைக்குழந்தை. ஆக, துணைக்கு வந்தவள் நான்.

துணை என்றால் வழித்துணை இல்லை, வாய்த்துணை. எங்கள் ஆட்களில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பினார்கள். மாமனார் பெயரும் அப்படித்தான். "அவங்க", "இந்தப் புள்ளையோட சித்தப்பா" என்று சுற்றி வளைத்துத்தான் பேச்சு. லயத்துக்குள் அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். சிங்கப்பூரில் போய் யாரிடம் "அவங்க" என்று கேட்பது? பெரியவர்கள் பெயரைச் சொன்னால் வாயில் போடு வாங்குகிற எனக்கு, அன்று ஒருநாள் மட்டும் சித்தப்பா பெயரைச் சத்தமாகச் சொல்ல அனுமதி கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சிங்கப்பூருக்குப் போன விறகு லாரியின் மேல் உட்கார்ந்துகொண்டு வீராசாமி, வீராசாமி என்று ராகம் போட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சின்னம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் சிரித்தார். சித்தப்பா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

லாரி ஓட்டியவர் ஒரு சீனர். பெட்ரோல் இல்லாத காலம், கரியை எரித்து ஓடும் லாரி. ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும், நாங்கள் இறங்கி நடந்து மேட்டில் மறுபடி ஏறிக்கொள்வோம். சின்னம்மா மடியில் ஒரு துணி மூட்டை. அதில் சுட்ட கிழங்கும், சித்தப்பாவின் கல்யாண வேட்டியும் இருந்தன. துணி என்பதே அரிதாகிச் சாக்கைக் கிழித்து உடுத்திக்கொண்டிருந்த நாளில், அந்த வேட்டியைக் கம்பத்தில், அதாவது பக்கத்துக் கிராமத்தில், இருந்த மலாய்க்காரர்களிடம் கொடுத்து அரிசி வாங்கலாம் என்று அம்மா எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார்.

"அவங்க வரும்போது எதக் கட்டிக்கிட்டு வருவாங்க, சொல்லு" என்பார் சின்னம்மா. அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

ஜோகூர் பாலத்தில் லாரி நின்றது. இறங்கிப்போய் ஜப்பான் காவலாளியின் முன்னால் இடுப்பு வளையக் குனிந்து நின்றோம். குனிந்தபடியே ஓரக்கண்ணால் கடலைப் பார்த்தேன். அவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் கிடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சிங்கப்பூருக்கு அப்போது ஜப்பான்காரன் சியோனான் என்று வேறு பெயர் வைத்திருந்தான். எங்கள் வாயில் அது நுழையவில்லை. மாடி மேல் மாடி வைத்த வீடுகளும், மணியடித்துக்கொண்டு வந்த சைக்கிள் வண்டிகளும், வெறும் கண்ணாடிப் பெட்டிகளை வைத்துக்கொண்டு திறந்திருந்த கடைகளும் என்று நான் பார்த்த இடமெல்லாம் வாயைப் பிளந்தேன். சின்னம்மா எதையும் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எதிரில் வந்த தமிழர்களையெல்லாம் வழி கேட்டபடி நடந்தார்.

அந்தக் கொட்டகை ஒரு கோயிலின் பின்பக்கம் இருந்தது. வாசலிலேயே நாற்றம் முகத்தில் அறைந்தது. தரையில் சாக்கு விரித்து வரிசை வரிசையாக ஆட்கள் கிடந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்ட தமிழர் ஒருவர், கையில் கஞ்சி வாளியோடு எங்களிடம் வந்து யாரைத் தேடுகிறோம் என்று கேட்டார். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு, லாரியில் பழகியது வீண்போகாமல், வீராசாமி என்றேன். வீராசாமி என்று இங்கே பலர் வந்தார்கள், யார் மகன் என்று கேட்டார் அவர். எனக்குத் தெரியவில்லை. அதை எனக்குச் சொல்லிக்கொடுக்கச் சின்னம்மாவுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் அவர் வாயால் எப்படிச் சொல்லியிருப்பார்?

சின்னம்மா அடையாளம் சொல்ல ஆரம்பித்தார். நல்ல உயரம், சுருட்டை முடி, அகன்ற தோள், சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்றார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இங்க எல்லாரும் ஒரே மாதிரிதாம்மா இருக்காங்க. நீங்களே போய்ப் பாருங்க."

வரிசைக்குள் நடந்தோம். மொட்டைத் தலைகள், உள்ளே போன கண்கள், குச்சிக் கால்கள். உயரமும் தெரியவில்லை, தோளும் தெரியவில்லை, கன்னமே இல்லாத முகத்தில் குழியை எங்கே தேடுவது? ஒவ்வொருவர் முகத்தருகிலும் குனிந்து பார்த்துச் சின்னம்மா நிமிர்ந்தார். சிலர் காய்ச்சலில் தங்கள் பெயரே தெரியாமல் கிடந்தார்கள். கட்டிய புருஷனைக் கடந்து போகிறோமோ என்ற பயம் அவர் முகத்தில் வந்ததை நான் பார்த்தேன். திரும்பவும் நடுவில் வந்து நின்றார். தாலியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மாசாய்ப் பக்கம், பெரியண்ணன் மவன் வீராசாமி" என்றார்.

புருஷன் பெயரும் மாமனார் பெயரும் சேர்ந்து வந்த அந்தக் குரல் அவருடையதாகவே இல்லை. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. நான் சின்னம்மாவை இழுத்துக்கொண்டு ஓடினேன். கையைத் தூக்கியவர் சித்தப்பா இல்லை. சயாமில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவராம். போன மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு கண்டு இரண்டே நாளில் முடிந்துவிட்டது, ஆற்றோரம் மூங்கில் புதர் பக்கம் நாங்களே புதைத்தோம் என்று விட்டு விட்டுச் சொன்னார். சின்னம்மா அழவில்லை. அந்த ஆள் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கதானே அஞ்சலை?" என்று கேட்டார்.

சின்னம்மா தலையாட்டினார்.

"ஒங்க பேரத்தாம்மா சொல்லிக்கிட்டே இருப்பாரு. படுத்தா அஞ்சல, எந்திரிச்சா அஞ்சல."

"என் பேரையா சொன்னாங்க?" என்றார் சின்னம்மா.

வீட்டில் சித்தப்பா அவரை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ, இந்தா" என்றுதான் கூப்பிடுவார். சின்னம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் அழுகை வந்தது. நெடுநேரம் அழுதார், நானும் சேர்ந்து அழுதேன், எதற்கென்று முழுதாகப் புரியாமலே. பிறகு மூட்டையை அவிழ்த்துக் கிழங்கை அந்த ஆளின் பக்கத்தில் வைத்தார். வேட்டியை உதறி, கழுத்துவரை இழுத்து அவருக்குப் போர்த்திவிட்டார்.

அதே லாரியில் திரும்பினோம். பாலத்தில் மறுபடி இறங்கிக் குனிந்தோம். காவலாளியைத் தாண்டி லாரி ஜோகூர் பக்கம் வந்ததும், சின்னம்மா கடலைப் பார்த்துக்கொண்டே வீராசாமி என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. நான் பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இனிமே சொல்லலாம் பாப்பா. இனி அவங்களுக்கு என்ன ஆகப்போவுது."

வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். எத்தனை நாள் அடக்கி வைத்திருந்தாரோ! அதன் பிறகும் அவர் நிறுத்தவில்லை. கிழங்கு ஆக்கினால், வீராசாமிக்கு இது பிடிக்கும் என்பார். லயத்துப் பெண்கள் காதோடு காதாகப் பேசினார்கள். அம்மாவே கண்டித்துப் பார்த்தார். எனக்கு இன்றுவரை அந்தப் பெண்கள் மேல் கோபம் தீரவில்லை. உயிரோடு இருந்தபோது சொல்லவிடாமல் வைத்ததை, செத்த பிறகாவது அவர் சொல்லிவிட்டுப் போகட்டுமே.

சின்னம்மா போய்ப் பல வருஷமாகிறது. எங்கள் தோட்டத்தை அழித்துவிட்டார்கள்; லயம் இருந்த பக்கம் இப்போது வரிசை வீடுகள், அதில் ஒன்றில்தான் நான் மகனோடு இருக்கிறேன். அந்தக் கொட்டகை இருந்த இடத்தைப் பின்னாளில் தேடிப் போனேன், கண்டுபிடிக்க முடியவில்லை. செம்பனை எண்ணெய்யும் இப்போது வாடையே இல்லாமல் போத்தலில் வருகிறது. புருஷன் பெயரைச் சொல்லத் தயங்குகிற பெண்ணை இந்தப் பக்கத்தில் நான் பார்த்து எவ்வளவோ நாளாகிறது. என் மகன் தினமும் மோட்டார் சைக்கிளில் அதே பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறான். அவன் வண்டியைக் கிளப்பும் நேரத்தில் என் மருமகள் வாசலுக்கு ஓடிவந்து, தெருவே கேட்கும்படி, "கணேசன், சாப்பாட்டை வச்சிட்டுப் போறீங்க" என்று கத்துவாள். அவன் திரும்பி, இந்த ஊர்ப் பேச்சில் வருகிற "லா" சேர்த்து, "கொண்டா லா" என்பான். சின்னம்மா கூப்பிட்ட பெயருக்கு அப்படி ஒருவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.