ஜைனப் மதினியின் நாற்பத்தைந்து நாள்

என் அண்ணன் முகம்மது சலீமைப் பற்றி அச்சன்புதூரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். அவன் கிரேன் ஓட்டும் சவுதித் தம்மாமிலும் அதே பேச்சுதான். யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. அந்தத் தங்கத்தைக் கட்டிக்கொண்டு இருபது வருடம் குடும்பம் நடத்தியவள் என் மதினி ஜைனப். அவளைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. அதனால் அவன் தங்கை நான் எழுதுகிறேன். எனக்குக் கோபம் வந்தால் மறைக்கத் தெரியாது. இதைப் படித்துவிட்டு அண்ணன் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும்.

மதினி வடகரைக்காரி. இருபத்தோரு வயதில் நிக்காஹ். இரண்டே மாதத்தில் அண்ணன் விமானம் ஏறிவிட்டான். அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள் லீவு. அவன் வீட்டில் இருந்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஒன்றேகால் வருடம் வரும். கூட்டிப் பார்த்தது நான்தான். மதினி அந்த வேலைக்கே போகமாட்டாள். ஹுஸ்னா, ஹுஸைஃபா இரண்டு பிள்ளைகள் பிறந்தபோதும் அண்ணன் அங்கேதான் இருந்தான். குழந்தையின் காதில் பாங்கு சொல்லக்கூட எங்கள் வாப்பாதான் போனார்.

அந்த நாற்பத்தைந்து நாளாவது அவளுக்குக் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. அண்ணனுக்கு லீவு பெரும்பாலும் குற்றாலம் சீசனோடு சேர்ந்து வரும். சீசன் வந்தால் எங்கள் பக்கத்து வீடுகளில் யாருக்கும் நிம்மதி கிடையாது. மதுரைச் சொந்தம், சென்னைச் சொந்தம், சொந்தத்தின் சிநேகிதர் என்று வேன் வேனாக வந்து இறங்குவார்கள். அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு வருகிறவர்களுக்குச் சோறாக்கி, ஆணம் காய்ச்சி, ஈரத்துணி காயப்போட்டு, பாய் விரித்துக் கொடுப்பது மதினி. அண்ணன் அவர்களோடு அருவிக்குப் போய்விடுவான். அருவி இருபது நிமிடத் தூரம்தான். மதினி அங்கே குளித்து ஆறு வருடம் ஆகிறது.

போன வருடம் ஜூன் மாதம் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று தென்காசியில் டாக்டரம்மா சொல்லிவிட்டார். தேதி குறித்த அன்றே அண்ணனுக்குப் போனில் சொன்னோம். லீவுக்கு அவன் முறையும் அந்த மாதம்தான், எப்படியும் வந்துவிடுவான் என்று இருந்தோம். கம்பெனி லீவு தரவில்லை என்றான். ஆபரேஷன் படிவத்தில் கணவர் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். மயக்கம் தெளிந்ததும் அவள் என்னிடம் முதலில் கேட்டது, போன் வந்ததா என்றுதான். அதன்பிறகு ஒரு வருடம் நானும் அவளும் அந்தக் கம்பெனியைத் திட்டாத திட்டு இல்லை. அந்தக் கம்பெனிக்காரன் விளங்கவே கூடாது என்று நான் தொழுகைப் பாயிலிருந்தே சபித்திருக்கிறேன்.

இந்த வருடம் பக்ரீத்துக்கு மூன்று நாள் முன்னால் அண்ணன் வந்தான். மூன்று வருடம் கழித்து வருகிறான். மதினி வாய்திறந்து ஒன்று கேட்டாள். மூன்று நாள், எங்காவது கடற்கரைப் பக்கம், நாம் மட்டும். அண்ணன் சரி என்றான். அவன் எதற்குத்தான் சரி என்று சொல்லவில்லை?

பிளஸ் டூ முடித்திருந்த ஹுஸ்னா ஒரு நோட்டில் வழி எழுதினாள். முதலில் கொற்கை, பாண்டியர்களின் முத்துத் துறைமுகமாக இருந்து இன்று கடலை விட்டே விலகிவிட்ட ஊர். அடுத்தது காயல்பட்டினத்துப் பழைய பள்ளிவாசல்கள். கடைசியாக மணப்பாடு, குன்றின்மேல் சிலுவைக் கோயிலும் கீழே கடலும். தங்குவதற்குத் திருச்செந்தூரில் லாட்ஜ். சவுதியில் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய அண்ணனுக்கு நம் ரோட்டில் கை நடுங்கும் என்பதால், என் வீட்டுக்காரரின் காரை நான் ஓட்டுவதாக ஏற்பாடு.

புறப்படும் காலையில் டிக்கியைத் திறந்தேன். துணிப்பை வைக்க இடமில்லை. பழுப்பு டேப் சுற்றி, மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய ஏழு பார்சல்கள் உள்ளே இருந்தன.

அரபு நாட்டிலிருந்து வருகிறவன் கூட வேலை செய்கிறவர்களின் பார்சலைக் கொண்டுவந்து தருவது இங்கே எல்லாரும் செய்வதுதான். அந்தந்த வீட்டுக்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். எங்கள் அண்ணன் மட்டும் வீடுவீடாகக் கொண்டுபோய்த் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். வாசலில் நீட்டிவிட்டு வரவும் முடியாது. உட்கார வேண்டும், டீ குடிக்க வேண்டும், அவர் இளைத்திருக்கிறாரா, சுகர் மாத்திரை போடுகிறாரா என்று கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பார்சலைப் பிரித்துப் பால்பவுடர், தைலம், போர்வை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும்வரை எழுந்திருப்பது மரியாதை இல்லை. நான் கத்தினேன். போகிற வழிதானே என்றான் அண்ணன். மதினி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எதிரே கார் காராகக் குற்றாலத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். பாவூர்சத்திரத்தில் ஒரு வீடு, ஒன்றரை மணி நேரம். மேலப்பாளையத்தில் இரண்டு வீடு, சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடித்து வைத்துவிட்டார்கள். கொற்கைக்குப் பிரியும் இடத்தில் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நாளைக்குப் பார்ப்போம் என்றான். ஹுஸ்னா நோட்டை மூடினாள். மதினியின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். சரி, சாயங்காலமாவது கடலைப் பார்த்துவிடலாம் என்று பொறுத்துக்கொண்டிருந்தாள்.

காயல்பட்டினத்தில் சதக்கத்துல்லா என்பவரின் வீடு. அவரும் கிரேன்காரர்தான். அண்ணனோடு சேர்த்து கிரேன் ஓட்டுகிறவர்கள் நாலு பேர், ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஊருக்கு வரலாம். யார் எப்போது என்று அவர்களே வரிசை வைத்திருக்கிறார்கள். அதற்கு டர்ன் என்று பெயர். அண்ணன் முன்கூடத்தில் பெரியவரோடு உட்கார்ந்துவிட, எங்களைப் பெண்கள் பக்கம் அழைத்துப் போனார்கள். சதக்கத்துல்லாவின் மனைவி மதினியைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டார்.

"ஒங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுண்டே தெரியலம்மா. போன வருஷம் ஜூன்ல ஒங்க மாப்பிள்ளை டர்ன எங்க ஊட்டு ஆளுக்கு விட்டுத் தரலேண்டா, எம் மக கலியாணத்துக்கு வாப்பா வந்திருக்கவே முடியாது. நீங்களும் சரிண்டு சொன்னீங்களாமே. அந்த மனசு யாருக்கும்மா வரும்?"

என் கையில் இருந்த டீ சேலையில் சிந்தியது. மதினி அசையவில்லை. எந்தத் தேதியில் கல்யாணம் என்று மட்டும் கேட்டாள். அந்த அம்மா தேதியைச் சொல்லி, ஆல்பத்தையும் எடுத்து வந்தார். ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள். மதினி ஆல்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள், பிள்ளை அழகாக இருக்கிறாள் என்றாள், டீயைக் கடைசிவரை குடித்தாள். நானாக இருந்தால் முன்கூடத்துக்குப் போய் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் சட்டையைப் பிடித்திருப்பேன்.

காரில் ஏறியதும் மதினி கேட்டாள். போன ஜூனில் கம்பெனி லீவு தரவில்லை என்று சொன்னது பொய்யா? அண்ணன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். சதக்கத்துல்லா கண்ணீர் விட்டுக் கேட்டாராம். மகள் கல்யாணத்தில் வாப்பா இல்லாமல் எப்படி என்றாராம். சொன்னால் மதினி வருத்தப்படுவாள் என்றுதான் சொல்லவில்லையாம். பிறகு சொன்னான் பாருங்கள் ஒன்று.

"கேட்டிருந்தா நீ வேண்டாம்னா சொல்லிருப்ப?"

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள் மதினி.

ஒரு பாவமும் அறியாத கம்பெனியை ஒரு வருடம் சபித்திருக்கிறோம். வயிற்றில் தையலோடு அவள் சுவரைப் பிடித்து நடந்தபோது, இவன் பெரிய மனசுக்காரன் என்று பெயர் வாங்கியிருக்கிறான். அதுவும் யாருடைய நாளைக் கொடுத்து? எனக்குக் கண் மண் தெரியாத கோபம். திருச்செந்தூர் வரை மூன்றாவது கியரிலேயே ஓட்டினேன், அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் திரும்பிவிடலாம் என்று நான் சொன்னேன். மதினி கேட்கவில்லை. பிள்ளைகள் ஆசையாக வந்திருக்கிறார்கள், மணப்பாட்டையாவது பார்க்கட்டும் என்றாள். அண்ணன் நல்ல பிள்ளையாகக் காபி வாங்கி வந்தான். இனிமேல் எதையும் மறைக்கமாட்டேன் என்று மதினியிடம் சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றேன், என் காதால் கேட்டேன்.

மணப்பாட்டில் குன்றின்மேல் கோயில் தெரிந்ததும் ஹுஸைஃபா கத்த ஆரம்பித்துவிட்டான். முதலில் பார்சல் என்றான் அண்ணன். பர்னாந்து என்ற இன்னொரு கிரேன்காரரின் வீடு. அவர் மனைவி ஜாய் வாசலுக்கே ஓடிவந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். அவளுக்குப் பின்னால் ஒன்பது வயது மகள். கூடத்துக் கொடியில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு வெள்ளைக் கவுன் தொங்கியது. ஜூன் இருபத்தோராம் தேதி அந்தப் பிள்ளைக்குப் புதுநன்மை. கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாளாம், ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்துச் சாமியார் குறித்த தேதி.

எங்களை உட்காரவைத்துவிட்டு ஜாய் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷத்தில் பேச்சு திணறியது.

"அக்கா, சலீம் அண்ணன் பதினெட்டாம் தேதியே திரும்பிருதாங்கன்னு சொன்ன பெறகுதான் அவுக டிக்கெட்டே போட்டாக. பிள்ள மூணு வருஷமா அவுகளப் பாக்கல அக்கா."

அண்ணனுக்கு ஜூலை எட்டாம் தேதி வரை லீவு. ஜூன் பதினெட்டு என்றால் நாற்பத்தைந்தில் இருபது நாள் போயிற்று. பார்சலையெல்லாம் முதல் வாரத்திலேயே கொடுத்துவிட அவன் ஏன் அவசரப்பட்டான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலையில்தான் இனிமேல் மறைக்கமாட்டேன் என்றான். அப்போதும் இது அவன் வயிற்றுக்குள் இருந்திருக்கிறது. அண்ணன் தலை குனிந்து பார்சல் டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

ஜாய்க்கு ஒன்றும் தெரியாது. கணவருக்கு வீடியோ கால் போட்டுப் போனை அண்ணனிடம் நீட்டினாள். பர்னாந்து, "அண்ணே, அண்ணே" என்று உருகினார். அக்காவிடம் கொடுங்கள், அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்றார். அண்ணன் போனைக் கொடுக்கத் தயங்கினான். மதினி எழுந்து வந்து அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"தம்பி, இந்த வெவரம் எனக்கு இப்பதான் தெரியும். எங்கிட்ட யாரும் கேக்கல."

போனில் அவர் முகம் செத்துவிட்டது. ஜாய் வாயைப் பொத்திக்கொண்டாள். கொடியில் தொங்கிய கவுனை அந்தச் சின்னப் பிள்ளை ஓரமாகப் பிடித்துக்கொண்டு நின்றது. அண்ணன் ஜைனப் என்று மெதுவாகக் கூப்பிட்டான். அவள் திரும்பவே இல்லை.

"இப்ப நீங்க கேளுங்க தம்பி. எங்கிட்ட கேளுங்க."

பர்னாந்து எழுந்து நின்றார். பிறகு அக்கா, அந்த இருபது நாளை எனக்கு விட்டுத் தருவீர்களா என்று கேட்டார். முடியாது என்று சொல்லுங்கள் மதினி என்று என் மனசு அடித்துக்கொண்டது. ஒரே ஒரு தடவை, யார் அழுதாலும் பரவாயில்லை, முடியாது என்று சொல்லுங்கள். அவள் அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு ஹுஸ்னாவைப் பார்த்தாள். ஹுஸ்னாவின் கண் நிறைந்திருந்தது. இருபது நாள் அவளுக்கும்தானே போகிறது.

"தாரேன்" என்றாள் மதினி. "ஆனா தந்தது நான். ஒங்க அண்ணன் இல்ல. சதக்கத்துல்லா காக்கா கிட்டயும் மத்த ஆளுக கிட்டயும் அப்பிடியே சொல்லணும். இனி யாருக்கு டர்ன் வேணும்னாலும் எனக்குப் போன் போடணும். நம்பர் சொல்லுதேன், எழுதுங்க."

பத்து எண்ணையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். திருப்பிச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தாள். பிறகு போனை ஜாயிடம் கொடுத்து, கவுன் நன்றாக இருக்கிறது, எங்கே தைத்தது என்று கேட்டாள். ஜாய் அழுதுகொண்டே பதில் சொன்னாள்.

பிள்ளைகள் குன்றின்மேல் ஏறினார்கள். கடல் கீழே பச்சையாகக் கிடந்தது. மதினி காரை விட்டு இறங்கவே இல்லை. அண்ணன் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றுவிட்டு, கதவுப் பக்கம் வந்து குனிந்தான். உன்னை மாதிரிப் பெரிய மனசு யாருக்கும் வராது ஜைனப் என்றான். ஊர்க்காரர்கள் அவனிடம் சொல்வதை அப்படியே எடுத்து அவளிடம் நீட்டினான்.

மதினி இப்போதுதான் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எம் மனசு ஒண்ணும் பெருசு இல்ல. கோவந்தான் பெருசு. அது தீர ஒங்க லீவு பத்தாது."