ஆடாத ஆட்டத்துக்கு மூன்று கோல்

எண்பத்தாறாம் ஆண்டு குளிர்காலம். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஹென்டர்சனில், மேசை நாற்காலி செய்யும் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அங்கே நிலைமை நாளுக்கு நாள் மோசம். அவளுடைய விசாவுக்கு, நான் நேர்மையானவன் என்று என் மேலாளர் ஒரு கடிதம் தர வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

அந்த மனுஷனோ ஆங்கிலேயர். வாலிபத்தில், ஐம்பதுகளின் தொடக்கத்தில், சொந்த ஊர்ப் பக்கம் ஒரு குட்டி லீக்கில் கால்பந்து ஆடியவர். பெரிய கிளப் எதுவும் எட்டிப் பார்க்காத லீக் அது. சுரங்கத் தொழிலாளியும் பால்காரரும் சனிக்கிழமை மத்தியானம் ஆடுவார்களாம். அதில் ஒரே ஒரு பருவத்தின் எல்லா முடிவுகளையும் திரட்டிப் பழைய நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று கிளம்பியிருந்தார். எனக்கு டைப்பிங் தெரியும் என்று எந்த நேரத்தில் வாயைத் திறந்தேனோ, வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

கடிதத்தைப் பற்றிக் கேட்டால், "முதலில் இது முடியட்டும்" என்பார். எங்கே முடிகிறது? பதினான்கு அணிகள். வாரத்துக்கு ஒரு தபால் இங்கிலாந்திலிருந்து வரும், யாரோ ஒருவருக்கு இன்னொரு ஸ்கோர் ஞாபகம் வந்திருக்கும், நான் முழுப் பட்டியலையும் மறுபடி அடிக்க வேண்டும். ஐந்து தடவை அடித்தேன்! என் பெண்டாட்டி ஷெல் சத்தத்துக்குள் இருக்கிறாள், இவருக்கு எந்தக் காலத்திலோ போட்ட கோல் முக்கியம். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

கடைசியில் ஒரே ஒரு ஆட்டத்தின் கட்டம் மட்டும் காலியாக நின்றது. என்னோடு அறையில் இருந்த மன்னார் நண்பன் சிரித்தான். "ஆர் அண்ணை பாக்கப் போறாங்கள்? ரெண்டுக்கு ஒண்டு எண்டு போட்டுக் குடுத்துட்டு, கடிதத்தை வாங்குங்கோ."

அப்படியே செய்தேன். வென்ற அணிக்குப் புள்ளியும் கூட்டி, அழகாக அடித்துக் கொண்டுபோய் நீட்டினேன்.

அவர் விரல் நேரே அந்தக் கட்டத்தில் போய் நின்றது. "இது எங்கிருந்து வந்தது?"

உங்கள் தபாலில்தான் இருந்தது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல முடியவில்லை. "நானே போட்டேன்" என்றேன்.

"அந்த ஆட்டம் நடக்கவேயில்லை. மைதானம் முழுக்கத் தண்ணீர். பிறகு யாருக்கும் வேலையில் லீவு கிடைக்கவில்லை. லீக்கும் அப்படியே விட்டுவிட்டது. நான் அங்கே நனைந்துகொண்டு நின்றேன்."

பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். என் கடிதம்! எழுதி, கையெழுத்து மட்டும் போடாமல் வைத்திருந்திருக்கிறார். அதை முதலிலிருந்து திரும்ப வாசித்தார். ஐயோ, அவள் வருவதை நானே கெடுத்துவிட்டேனே! பேனாவைத் திறந்தார். 'நேர்மையானவர்' என்ற சொல்லை வெட்டினார். அதற்கு மேலே, 'கேட்டால் உண்மையைச் சொல்பவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெட்டும் திருத்தமுமாக இருந்த அந்தக் கடிதத்தையே விசாவுக்குக் கொடுத்தேன். நாலு மாதத்தில் மனைவி வந்துசேர்ந்தாள். அந்த மனுஷன் மேல் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் உண்டு. ஆனால் என்னைப் பற்றி யாரும் எழுதியதில் அதுதான் சரியான வரி, அவர் வெட்டிய அந்தச் சொல்லைச் சம்பாதிக்கத்தான் இன்னும் பாடுபட்டுக்கொண்டிருக்கிறேன்.