இரண்டால் வகுத்த தேற்றம்

இருபத்தாறு வருடத்தில் நான் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் ஒன்பது. எங்கள் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்து இரசாயனவியல்காரர்கள் அத்தனையையும் ஒரு பெருநாளைக்கும் அடுத்த பெருநாளைக்கும் இடையில் எழுதி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் வெட்கம் கிடையாது. என்னுடையது அட்சரகணிதக் கேத்திரகணிதம், அதாவது சமன்பாடுகளுக்குள் இருக்கும் வடிவங்களைப் பற்றிய கணிதம். அவசரக்காரருக்கு ஏற்ற தொழில் அல்ல. ஒரு தேற்றம் பிடிபட மூன்று வருடம் ஆகும், பிடிபட்டது பிழை என்று தெரிய இன்னும் ஒரு வருடம்.

பேராசிரியர் பதவிக்கு நான் விண்ணப்பித்தபோது ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. அதுதான் கடைசித் தடவை. என் கட்டுரைகளைப் பிறர் எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எழுத வேண்டும், அந்த எண்ணிக்கைக்குப் புள்ளி. எட்டுக் கட்டுரைகளை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர். ஒன்றை மட்டும் ஊர் உலகமெல்லாம் எடுத்துச் சொல்லியிருந்தது. அதை நம்பித்தான் விண்ணப்பமே.

அத்தாட்சிக்காக, மேற்கோள் வந்த பக்கங்களைப் பிரின்ட் எடுத்து இணைக்கச் சொன்னார்கள். கண்டியில் குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் நின்று, தாள்களை அடுக்கிக்கொண்டே வாசித்தேன். வாசிக்க வாசிக்க முகம் சுட்டது. முக்கால்வாசிப் பேர் என் தேற்றத்தைப் பயன்படுத்தவே இல்லை. இந்த இடத்தில் பிழை உண்டு, திருத்தியவர் இன்னார் என்று சொல்லத்தான் என் பெயரை இழுத்திருந்தார்கள்.

பிழை எனக்குப் புதிதல்ல. நிறுவலின் நடுவே ஒரு வரியில் இரண்டால் வகுத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் இதற்கு யாரும் அடிக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் தொழிலில், இரண்டும் பூச்சியமும் ஒன்றேயான எண் தொகுதிகள் உண்டு. அங்கே இரண்டால் வகுப்பது பூச்சியத்தால் வகுப்பதுதான். அதை மறந்து, எல்லாத் தொகுதிக்கும் பொருந்தும் என்று மார்தட்டி எழுதிவிட்டேன். வெளிநாட்டு ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கண்டுபிடித்துக் கடிதம் போட்டார், நானும் நன்றி சொல்லிப் பதில் எழுதினேன். நான் தவறவிட்ட அந்த மூலையில்தான் மிக அழகான வளையிகள், அந்த வளைந்த கோடுகள், கிடந்தனவாம். அதன் பிறகு எத்தனை பேர் அங்கே போய் வேலை செய்தார்கள் என்பது மட்டும் அதுவரை எனக்குத் தெரியாது.

துறைத் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். பேசாமல் எண்ணிக்கையைப் போடச் சொன்னார்.

“ஏன் எடுத்துச் சொன்னவை எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம். எத்தினை எண்டுதான் கேப்பினம்.”

அவர் சொன்னது முழு உண்மை. அந்தப் புள்ளிகள் இல்லாவிட்டால் சிரேஷ்ட விரிவுரையாளராகவே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அக்குறணையில் துணிக்கடை வைத்திருக்கும் என் நானாவோ, பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்கிற அண்ணன். தங்கச்சி பேராசிரியையாகிறாள் என்று பஸாரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

இரண்டு நாள் யோசித்தேன். பயத்தினால் அல்ல, ஆத்திரத்தினால். சரியாகச் செய்த எட்டையும் திரும்பிப் பார்க்காதவர்கள், பிழையை எண்ணிப் பதவி தருவதா? இந்த மேற்கோள்களில் பெரும்பாலானவை என் தேற்றத்தின் பிழையைச் சுட்டுபவை என்று விண்ணப்பத்தின் அடியில் ஒரு வசனம் சேர்த்தேன்.

நேர்முகப் பரீட்சையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவரும் கணிதக்காரர் இல்லை. அந்தக் குழுவின் தலைவர் இரக்கத்தோடுதான் பேசினார். அந்த ஒரு வசனத்தை வெட்டிவிட்டால் ஒரு சிக்கலும் வராது என்று பேனையைக்கூட நீட்டினார்.

“பிழைய ஒரு தரம் தெரியாம விட்டேன் சேர்,” என்றேன். “தெரிஞ்சிக்கிட்டு விட ஏலாது.”

புள்ளிகள் போதவில்லை என்று மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. அன்று கண்டியிலிருந்து அக்குறணைக்குப் போகும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது. கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன், அழுகை வந்தது. ஏன் மறைக்க, அந்தப் பதவி எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் வசனத்தை எழுதினேனே என்று ஒரு துளிகூட அழவில்லை.

நேரே நானாவின் கடைக்குப் போனேன். பிழை என்ன, யார் திருத்தினார், பதவி ஏன் கைநழுவியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இனி ஆட்களிடம் என்னவென்று சொல்வது என்று கேட்டார். உள்ளதைச் சொல்லுங்கள் நானா என்றேன். அந்த நேரம் பார்த்து எதிர்க்கடைக்காரர் உள்ளே வந்து, தங்கச்சியின் விஷயம் என்னாச்சு என்று விசாரித்தார். நானா அளந்துகொண்டிருந்த துணியை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“கெடைக்கல்ல,” என்றார். “என்ட தங்கச்சி உட்ட ஒரே ஒரு பிழையத் திருத்த, ஒலகம் பூரா எத்தன பேர் குந்தி வேல செஞ்சீக்கிறாங்க, தெரியுமா?”

அந்தக் கூற்றில் எனக்கு எந்தக் குறையும் தென்படவில்லை.