மலரக் கூடாது என்ற வரி

நடந்ததை வரிசையாக எழுதி வைத்தால்தான் என்னால் யோசிக்க முடியும்.

1. கிள்ளானில் நான் வேலை செய்யும் பட்டறை, உணவகங்களுக்குக் குளிர்பெட்டி செய்து கொடுக்கிறது. மல்லிகைக்கென்றே ஒரு பெட்டி செய்யலாம் என்று நான்தான் சொன்னேன்.
2. பெட்டியை எங்களால் செய்ய முடியும். குளிரையும் ஈரத்தையும் தானாகக் கவனித்துக்கொள்ளும் கருவியைச் செய்யத் தெரியாது. அதற்காகப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்ன நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தோம்.
3. பூ எப்படி இருக்க வேண்டும் என்று பதினோரு வரிகள் எழுதிக் கொடுத்தேன். நான்காவது வரி: பூ ஃப்ரெஷ்ஷாக இருக்க வேண்டும்.
4. பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா, ஒரு கல்யாணத்துக்கான மல்லிகை முழுவதையும் எங்கள் பெட்டியை நம்பி வைத்தார்.
5. காலையில் திறந்தபோது, ஒன்று விடாமல் எல்லாம் மலர்ந்திருந்தன.

கதவைத் திறந்ததும் வாசனை முகத்தில் அடித்தது. அப்போதே தெரிந்துவிட்டது. அக்கா ஒரு பூவை விரலில் எடுத்தார். காம்பு அவர் கையில் நின்றது, இதழ்கள் உதிர்ந்தன.

“இத எப்படிம்மா கட்டுறது? பொண்ணு தலையில வைக்கறதுக்குள்ள பழுத்துரும் லா.”

நான் கீழே உட்கார்ந்து, பாதி மூடியிருக்கும் மொட்டு ஏதாவது மிஞ்சுமா என்று பொறுக்கத் தொடங்கினேன். அக்கா மற்ற கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு, மொட்டு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கை நிறையக்கூடத் தேறவில்லை. அதைப் பார்த்துவிட்டு, “நீ போம்மா. இங்க நின்னா எனக்குக் கோவம் வரும்,” என்றார். கோபம் ஏற்கெனவே வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் கருவி செய்தவரை அழைத்தேன். ஷா ஆலமில் இருந்து அந்த நிறுவனத்துக்கு வேலைக்கு வரும் மலாய்க்காரர், என் வயதுதான் இருக்கும். எல்லாம் மலர்ந்துவிட்டன என்று சொன்னதும், மகிழ்ச்சியாக, அப்படியென்றால் வேலை செய்கிறது என்றார். பூங்கொத்துக் கடைகளில் போய்ப் பார்த்து, காலையில் பூ முழுதாக விரிந்திருக்கும்படி ஈரத்தையும் குளிரையும் பல நாள் மாற்றி மாற்றி அமைத்திருக்கிறார். மலரக் கூடாது என்று நான் சொன்னபோது அவருக்குப் புரியவே இல்லை. விரியாத பூவை எதற்காக வாங்குவார்கள் என்று கேட்டார். மொட்டாகக் கட்டினால்தான் சாயங்காலம் தலையில் மலரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை என் வாழ்க்கையில் யாருக்கும் சொல்ல வேண்டி வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் பட்டறையில் வெல்டிங் செய்பவர்களுக்குக்கூட அது தெரியும். அதனால்தான் பதினோரு வரிகளில் எதிலும் அது இல்லை.

அதைச் சொன்னதும் அவர் பூவைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, விரியத் தொடங்கும்போதுதானே வாசனை வரும் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் நம் மூக்குக்குத் தெரியும் முன்பே வாசனையைப் பிடிக்கும் ஓர் உணர்கருவியை உள்ளே வைக்கலாம், வாசனை வந்தவுடன் பெட்டி தானாகக் குளிரைக் கூட்டும் என்றார். நான் அந்த வாசனையிலேயே வளர்ந்தவள். அதை ஓர் எச்சரிக்கை மணியாக நினைத்துப் பார்த்ததே இல்லை. எங்கள் ஆட்கள் மட்டும் உட்கார்ந்து பேசியிருந்தால் இந்த யோசனை வந்திருக்காது.

போனை வைத்த பிறகு, அவர் அனுப்பிய பழைய மின்னஞ்சல்களைத் தேடினேன். மூன்று வாரத்துக்கு முந்தைய சோதனை அறிக்கை. வெப்பம், ஈரம், நேரம் எல்லாவற்றுக்கும் அட்டவணை இருந்தது. அதற்கு நான் ‘சரி’ என்று பதில் போட்டிருந்தேன். கீழே ஒரு படமும் இருந்தது. அதை இப்போதுதான் திறந்தேன். தட்டு நிறைய மல்லிகை, அத்தனையும் மலர்ந்து. கோவிலில் பூத்தொடுக்கும் யாரிடம் காட்டியிருந்தாலும் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் பாஸுக்கு இது தெரியாது. “நம்ம ஆளுங்கன்னா இப்படி நடந்திருக்குமா? வெளியாளுக்கு மல்லிப்பூவப் பத்தி என்ன லா தெரியும்?” என்று பட்டறையில் எல்லார் முன்னாலும் சொன்னார். கூட்டை முறித்துக்கொள்ளலாம், இட்லி மாவு வைக்கும் பெட்டியே நமக்குப் போதும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று நாள் அப்படியே இருந்தேன். சொன்னால் என் வேலை போகலாம். சொல்லாவிட்டால் தவறே செய்யாத ஒருவர் போவார், அந்த வாசனை யோசனையும் அவரோடு போகும். இரண்டையும் ஒரு தாளில் எழுதி, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வழி என்று மூன்றாவதாக எழுத எதுவும் கிடைக்கவில்லை.

நான்காம் நாள், பாஸ் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது போனை அவர் முன்னால் வைத்தேன்.

“இத அவரு மூணு வாரத்துக்கு முன்னாலயே அனுப்பிட்டாரு பாஸ். நான்தான் படத்தத் திறக்கல.”

“ஏன்?”

“டேபிள் சரியா இருந்துச்சு.”

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. “அப்ப நான் யார நிறுத்தணும்?” என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து உள்ளே போனார். தேநீர் பாதியில் அப்படியே இருந்தது.

வாசனைக் கருவியைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல எனக்கு இப்போது என்ன உரிமை என்று தோன்றியது. மறுநாள் ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வைத்தேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது, அதன் மேல் ஒரு கேட்லாக்.

இன்றைய நிலவரம் இதுதான். கூட்டை முறிக்கும் முடிவை வெள்ளிக்கிழமைக்குள் பாஸ் மாற்றாவிட்டால், பெட்டாலிங் ஜெயாவில் இருந்து வந்து கருவியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அக்கா கடையில் பெட்டி மின்சாரம் இல்லாமல் நிற்கிறது, மேல் தட்டில் நூல்கண்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார். பாஸ் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. நான்காவது வரியை அடித்துவிட்டு, பூ மலரக் கூடாது என்று திருத்தி வைத்திருக்கிறேன். யாருக்கும் இன்னும் அனுப்பவில்லை.