நழுவிப்போன பம்பரம்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் 'அளவு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். படித்தது நர்ஸ் படிப்பு, வேலை ஆராய்ச்சிப் பிரிவில். ஓரிடத்தில் உட்கார முடியாமல், கவனம் நிலைக்காமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு ஏடிஎச்டி என்று சொல்லி மாத்திரை கொடுக்கிறார்கள் அல்லவா? அதை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு என்ன ஆகிறது என்பதுதான் ஆராய்ச்சி. சின்ன வயதில் சேர்ந்தவர்களை வருஷா வருஷம் வரவழைத்து உயரம், எடை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பாள். தூக்கத்தையும் பசியையும் விசாரிப்பாள்.

வளர்ந்து காலேஜ், வேலை என்று போனதும் ஒவ்வொருவராய் நழுவினார்கள். அவர்களைத் தேடிப் பிடிப்பதும் அவள் தலையில்தான் விழுந்தது.

"காதலிச்சப்ப எனக்குக்கூட நீ இவ்வளவு ஃபோன் பண்ணலையே" என்பார் கணவர்.

எவ்வளவு தேடியும் அகப்படாதவர்களில் ஒருத்தி பம்பரம்; ஓரிடத்தில் நிற்காமல் சுற்றியதால் அக்கா வைத்த பெயர் அது. முதல் நாளே எடை பார்க்கும் மெஷினைக் கழற்றிப் போட்ட குட்டிப் பெண். இப்போது ஃபோன் நம்பரும் மாறிவிட்டது, வீடும் மாறிவிட்டது.

ஒரு மதியம் அக்காவும் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரும் இறங்கிக்கொண்டிருந்தபோது, லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. டாக்டருக்கு வியர்த்துக் கொட்டியது. அக்கா சும்மா இருப்பாளா? கையிலிருந்த கருவியால் அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள்.

"கொஞ்சம் ஏறியிருக்கு சார்."

"லிஃப்ட் இறங்குனா அதுவும் இறங்கிடும்மா."

மேலே கதவு விலகியது. நெற்றியில் கிரீஸோடு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. "பயப்படாதீங்க, கையக் குடுங்க."

மேலே ஏறிய பிறகும் அக்கா அந்தக் கையை விடவில்லை. "ஏய், நீ பம்பரம்தானே?"

லிஃப்ட் மெக்கானிக் திருதிருவென்று விழித்தாள். "அக்கா, மாத்திரைய நானே நிறுத்திட்டேன். வந்தா திட்டுவீங்கன்னு பயம். நிறுத்துனவளால உங்களுக்கு என்ன பிரயோஜனம்?"

"நல்லா நெனச்சே போ! சாப்பிடுறவங்கள மட்டும் பாத்தா பாதிக் கதைதான் தெரியும். நிறுத்துன பிறகு எப்படி இருந்துச்சுன்னு நீ சொன்னாத்தானே உண்டு?"

பம்பரம் டாக்டரைப் பார்த்தாள். "மாத்திரையாலதான் நான் குள்ளமாயிட்டேன்னு அம்மா இன்னும் அழுறாங்க சார். நிஜமா?"

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒருத்தர மட்டும் வச்சுச் சொல்ல முடியாதும்மா. அதத் தெரிஞ்சுக்கத்தான் எல்லாரையும் கூப்பிடுறோம். முடிவு எதுவானாலும் மறைக்காம அம்மாகிட்ட நானே சொல்றேன்."

"எனக்கொண்ணும் குறையில்ல சார். மத்தவங்க நுழைய முடியாத சந்துல நான் நுழைஞ்சிடுவேன்!"

லிஃப்டைச் சரிசெய்துவிட்டு நேராக அளவு பார்க்கும் அறைக்கு வந்தாள்.

"கொண்டைய அவிழ்."

"ரெண்டு விரக்கடை கூடுதுக்கா, விட்டுடுங்களேன்."

"அவிழ்டீ!"

மறுவாரம் அவள் அம்மாவும் வந்து, மனதில் கிடந்ததையெல்லாம் டாக்டரிடம் கொட்டினார். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றே சொன்னார். அம்மா வெளியே வரும்போது முகம் தெளிந்திருந்தது.

பம்பரம் சும்மா இருக்கவில்லை. சின்ன வயதில் அந்தக் காத்திருக்கும் அறையில் கூட விளையாடியவர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டு, "யாரும் திட்ட மாட்டாங்க, வாங்க" என்றாள். ஒவ்வொருவராய் வந்தார்கள். சுவரில் வரைந்திருந்த ஒட்டகச்சிவிங்கி அளவுகோலை மிஞ்சி ஒரு தாடிக்காரன் நிற்க, அக்கா ஸ்டூல்மேல் ஏறி அவன் உச்சந்தலையைத் தொட்டாள்.

"குனியாதேடா" என்றாள், சிரிப்பை அடக்கமாட்டாமல்.