தர்பாரிக்குக் குழாய் ஸ்பீக்கர் ஆகாது

சாத்தூரில் மைக் செட் தொழில் செய்கிறேன். அம்மன் கொடையோ மாதா திருவிழாவோ, ஆம்ப்ளிஃபயரைப் போடுமுன் ஒரு சிலுவை போட்டுக்கொள்வேன்.

போன வருஷம் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவரின் மூத்த மகள் கல்யாண வரவேற்பு. வடநாட்டு வியாபாரிகள் நிறையப் பேர் வந்திருந்ததால், பூனாவிலிருந்து வயதான இந்துஸ்தானிப் பாடகி ஒருவரை அழைத்திருந்தார்கள். ராத்திரிக்கான தர்பாரி ராகம் பாடப்போவதாகச் சொன்னார்கள்.

எங்கள் பக்க வழக்கப்படி ஊருக்கே கேட்கட்டும் என்று மண்டபத்தைச் சுற்றிக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தேன். அடிச்சத்தத்துக்கான பாஸைக் குறைத்து, உச்சச் சத்தத்துக்கான ட்ரெபிளை ஏற்றி, எக்கோவும் வைத்தேன். அந்த அம்மா அடிக்குரலில் மெதுவாக ஆரம்பித்தார். குழாயில் வெறும் மூச்சுதான் வந்தது.

முதலாளி வந்துவிட்டார். "என்ன மிக்கேலு, மைக்கு மண்டையப் போட்டுருச்சா?"

"செக் பண்ணித்தான் வச்சேன் அண்ணாச்சி."

"அப்ப பாட்டு எங்கன போச்சு? சம்பந்தக்காரங்க முன்னாடி மானத்த வாங்கிராதீக. இன்னைக்குச் சொதப்புனா நம்ம வீட்டு விசேசத்துக்கு இனி வர வேண்டாம்."

பதறிப்போய் வால்யூமைக் கூட்டினேன். மைக் வீலென்று கத்தியது. அம்மா பாட்டை நிறுத்திவிட்டார். மாதாவே, பிழைப்பு போச்சு என்று நின்றேன்.

அவர் திட்டவில்லை. பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, என் கையைத் தம்புராவின் குடத்தில் வைத்து மறுபடி பாடினார். அந்த அடிக்குரல் கை வழியாக நெஞ்சுக்குள் இறங்கியது. காந்தாரம் என்றொரு சுரத்தை நேராக நிறுத்தாமல், தூங்கும் பிள்ளையின் தொட்டிலைப் போல மெல்ல ஆட்டினார். மேலே போக அவசரமே இல்லை.

குழாய்களை நிறுத்தினேன். எக்கோவை எடுத்தேன். பந்தி நடந்த இடத்திலிருந்த பாக்ஸ் ஸ்பீக்கர்களைத் தூக்கி வந்து மேடையருகே வைத்து, பாஸை ஏற்றினேன்.

"குழாய அமத்திட்டா ஊருக்குக் கேக்க வேண்டாமா?" என்றார் முதலாளி.

"இது ஊரக் கூப்புடுத பாட்டு இல்ல அண்ணாச்சி. செபம் மாதிரி. பக்கத்துல உக்காருங்க."

உட்கார்ந்தார். கனமான ராகம்தான், ஆனால் துக்கமில்லை. சர்ச்சில் நற்கருணைக்கு முன் முழந்தாளிட்டிருக்கும்போது உள்ளுக்குள் வருமே, அந்தச் சந்தோஷம். வியாபாரிகள் கண்ணை மூடிவிட்டார்கள்.

கம்பெனி போர்மேன் முதலாளியிடம் குனிந்து வந்து, "வாணம் ரெடி, பத்த வைக்கவா?" என்று கேட்டார்.

"பொறுலே. அந்தம்மா முடிக்கட்டும். நம்ம வெடி எங்கயும் போயிராது."

பிற்பாடு வாணம் விட்டபோது முதலில் கைதட்டிச் சிரித்தது அந்த அம்மாதான்.

மைக் செட் வேலைக்கு வருகிறவர்களே, பாட்டு கேட்கவில்லையென்றால் உடனே வால்யூமைத் தொடாதீர்கள். பாடுகிறவர் பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள்.

சாமான் ஏற்றும்போது முதலாளி வந்தார். "சின்ன மக கல்யாணத்துக்கும் நீங்கதான். குழாய மட்டும் கொண்டாந்துராதீக."